அணை கட்டாத சுரங்கம்: ஓக் டெடியும் ஃப்ளை ஆற்று மக்களும்

பப்புவா நியூ கினியின் மேற்கு மாகாணத்தில், இந்தோனேசிய எல்லையை ஒட்டிய ஸ்டார் மலைத்தொடரில், ஓக் டெடி என்னும் செம்பு, பொன் சுரங்கம் 1984ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. அந்த ஆண்டு முதல் அதன் கழிவு ஆற்றில் விடப்பட்டு வருகிறது. பழங்குடி மக்களின் நிலத்தில் நடக்கும் சுரங்கத் தொழிலைப் பற்றிப் பேசுவோர் ஓக் டெடியைப் பெரும்பாலும் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பொறுப்பின்மைக்குச் சான்றாகவே காட்டுகிறார்கள். அந்தக் குற்றச்சாட்டு நியாயமானது. எனினும் அது முழுமையானதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த வழக்கின் ஒப்பந்தங்களையும் சட்டங்களையும் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், கழிவைத் தேக்கும் அணை இன்றி இயங்க, இடைக்காலம் என்று சொல்லி வழங்கப்பட்ட ஒரே ஒரு விலக்கு, அடுத்தடுத்து வந்த சட்டங்களால் வலுப்பெற்று, நிரந்தர ஏற்பாடாக மாறியதைக் காணலாம். ஆற்றங்கரை மக்களின் சம்மதம் கேட்கப்பட்டது உண்மை. ஆனால் கேடு நடந்தேறிய பிறகே அது கேட்கப்பட்டது. இந்த ஆய்வு அந்த வரிசையைப் பின்தொடர்கிறது.

இடமும் மக்களும்

சுரங்கம் தோண்டப்பட்ட ஃபுபிலான் மலை ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம் கொண்டிருந்தது. மலையின் உச்சியே தாதுவாக இருந்ததால், உச்சி இருந்த இடத்தில் இன்று பெருங்குழி இருக்கிறது. அப்பகுதியில் ஆண்டுக்கு 8 முதல் 10 மீட்டர் வரை மழை பெய்கிறது. செங்குத்தான சரிவுகள், இளகிய பாறை, அடிக்கடி ஏற்படும் நிலச்சரிவு, நிலநடுக்கம் ஆகிய அனைத்தும் சேர்ந்த நிலம் அது. மலையிலிருந்து தெற்கே இறங்கும் ஓக் டெடி ஆறு, சமவெளியில் ஃப்ளை ஆற்றுடன் கலக்கிறது. ஃப்ளை அங்கிருந்து சதுப்புக் காடுகளுக்கும் ஏரிகளுக்கும் இடையே நெளிந்து, ஸ்ட்ரிக்லாந்து ஆற்றையும் சேர்த்துக்கொண்டு பப்புவா வளைகுடாவில் கலக்கிறது. சுரங்கத்தின் ஆற்றுத் துறைமுகமான கியுங்கா, கடலிலிருந்து 800 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருந்தபோதிலும், கடல் மட்டத்துக்குச் சில பத்து மீட்டர் உயரத்திலேயே இருக்கிறது. மலையில் சீறிப் பாயும் நீர் சமவெளியை அடைந்ததும் தளர்ந்து, சுமந்து வந்ததை அங்கேயே இறக்கிவிடும் என்பதற்கு இந்த ஓர் அளவே போதும். பின்னர் நேர்ந்த அனைத்துக்கும் இந்த நில அமைப்பு அடிப்படையாகும்.

சுரங்கம் அமைந்த மலைப்பகுதி வொப்கைமின் மக்களுடையது. ஓக் டெடியின் கீழ்ப்பகுதியில் யோங்கோம், அவின் மக்களும், ஃப்ளை ஆற்றின் நடுப்பகுதியில் போஸி மக்களும், கழிமுகத்தில் கிவாய் மக்களும் வாழ்கிறார்கள். சுரங்கத்துக்குக் கீழே ஆற்றோரமாக ஏறக்குறைய 120 கிராமங்களில் 50,000 பேர் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. யோங்கோம் மக்களின் அன்றாட உணவு சதுப்பு நிலங்களில் வளரும் சாகோ பனையின் மாவு. ஆற்றங்கரை வண்டலில் வாழையும் கிழங்குகளும் பயிரிட்டார்கள். ஆற்றிலும் ஓடைகளிலும் மீனும் இறாலும் ஆமையும் பிடித்தார்கள். காட்டில் பன்றியும் காசோவரிப் பறவையும் வேட்டையாடினார்கள். பணம் சிறிதளவே புழங்கிய அந்த வாழ்க்கையில் ஆற்றங்கரை மண்ணே மிக வளமான சொத்து.

பப்புவா நியூ கினியில் நிலத்தின் மிகப் பெரும் பகுதி மரபு வழக்கப்படி குலங்களுக்கு உரியது. அதே வேளையில், நிலத்தடிக் கனிமம் அரசுக்கு உரியது என்று சட்டம் கூறுகிறது. அதனால் சுரங்க ஒப்பந்தம், குத்தகை எல்லைக்குள் நிலம் வைத்திருந்தவர்களை உரிமையாளர்களாக ஏற்று, அவர்களுக்கு வாடகையும் வேலைவாய்ப்பும் அளித்தது. ஆற்றின் கீழே இருந்தவர்கள் குத்தகை எல்லைக்கு வெளியே இருந்தார்கள். அவர்களுடைய ஆறு கழிவுக் கால்வாயாகப் பயன்படப்போகிறது என்றால் அவர்களும் ஒப்பந்தத்தின் தரப்பினரே என்ற எளிய உண்மை தொடக்க வரைபடத்தில் இடம்பெறவில்லை. என் பார்வையில் ஓக் டெடியின் முதல் பிழை இதுதான். கழிவைத் தேக்க வேண்டிய அணை கைவிடப்பட்டது இரண்டாவது.

அணை கைவிடப்பட்ட வரலாறு

தாதுப் படிவத்தை 1968இல் கென்னகாட் என்ற அமெரிக்க நிறுவனம் கண்டறிந்தது. அரசுடன் நடந்த பேச்சு முறிந்து 1975இல் அது விலகியது. அதே ஆண்டு நாடு ஆஸ்திரேலியாவிடமிருந்து விடுதலை பெற்றது. புதிய அரசுக்குச் சொந்த வருவாய் உடனடித் தேவையாக இருந்தது. 1976இல் ஓக் டெடி ஒப்பந்தச் சட்டம் நிறைவேறியது. ஆஸ்திரேலியாவின் பிஎச்பி நிறுவனம் தலைமையில் உருவான கூட்டமைப்பில் அமெரிக்க, ஜெர்மானிய நிறுவனங்களுடன் பப்புவா நியூ கினி அரசும் பங்குதாரராகச் சேர்ந்தது. சுரங்கத்தைக் கண்காணிக்க வேண்டிய அரசு, அதிலிருந்து வரி பெறும் அரசாகவும், இலாபத்தில் பங்கு பெறும் அரசாகவும் ஒரே நேரத்தில் ஆனது. இந்த மும்மடங்கு உறவைப் புரிந்துகொள்ளாமல் பின்னர் வந்த எந்த முடிவையும் விளக்க முடியாது.

தாதுவைப் பொடியாக அரைத்து உலோகத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் கழிவுச் சேற்றைத் தேக்கிவைக்க, ஓக் மா பள்ளத்தாக்கில் அணை ஒன்று கட்டப்பட வேண்டும் என்று திட்டம் கூறியது. 1984 ஜனவரியில் ஏற்பட்ட பெரும் நிலச்சரிவு அந்த அணையின் அடித்தளப் பணியை அழித்தது. மலையுச்சியில் பொன் மிகுந்த தாது இருந்தது. அதை முதலில் எடுத்து விற்றுக் கட்டுமானச் செலவை ஈடுகட்ட வேண்டிய நெருக்கடி நிறுவனத்துக்கு இருந்தது. அணை இல்லாமலேயே பொன் உற்பத்தியைத் தொடங்க அது இடைக்கால அனுமதி கேட்டது, அரசு கொடுத்தது. 1984 மே மாதத்தில் உற்பத்தி தொடங்கியது.

அடுத்த மாதமே இரண்டு விபத்துகள் நேர்ந்தன. ஃப்ளை கழிமுகத்தில் ஒரு சரக்குப் படகு கவிழ்ந்து, பொன்னைப் பிரித்தெடுக்கப் பயன்படும் நச்சான சயனைடு நிரப்பிய 2,700 உருளைகள் நீரில் மூழ்கின. அதே மாதத்தில் ஆலையிலிருந்து சயனைடு கலந்த கழிவு நேரடியாக ஓக் டெடியில் வெளியேறியது. செத்த மீன்களும் முதலைகளும் மிதந்ததை ஆற்றோரக் கிராமத்தினர் பார்த்தார்கள். சுரங்கம் என்ற ஒன்று தங்கள் வாழ்வில் நுழைந்துவிட்டதைக் கீழ்க்கரை மக்களில் பலர் அறிந்தது இவ்வாறுதான்.

அணை கட்டும் கடமையை நிறுவனம் நிறைவேற்றவில்லை என்று கூறி, 1985இன் தொடக்கத்தில் அரசு சுரங்கத்தைச் சில வாரங்கள் மூடவைத்தது. ஓக் டெடி வரலாற்றில் அரசு தன் அதிகாரத்தை முழுமையாகப் பயன்படுத்திய தருணம் அது. ஆனால் அந்த உறுதி நீடிக்கவில்லை. பேச்சு நடந்தது, சுரங்கம் மீண்டும் திறந்தது, துணை ஒப்பந்தங்கள் திருத்தப்பட்டன, அணை தள்ளிப்போடப்பட்டது. 1987இல் செம்பு உற்பத்தி தொடங்கியதும் அரைக்கப்படும் தாதுவின் அளவும் ஆற்றில் விழும் கழிவின் அளவும் பெருகின.

1989இல் நிலைமை வேறு திசையில் இறுகியது. அதே நாட்டின் பூகன்வில் தீவிலிருந்த பங்குனா செம்புச் சுரங்கம், மரபுவழி நில உரிமையாளர்களின் எழுச்சியால் அந்த ஆண்டு மே மாதத்தில் மூடப்பட்டது. அங்கும் சுரங்கக் கழிவு ஆற்றில்தான் கொட்டப்பட்டிருந்தது. அந்த மோதல் பல்லாண்டுப் போராக வளர்ந்து ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறித்தது. ஆற்றை அழித்தால் மக்கள் எழுவார்கள் என்ற பாடத்தை அரசு பூகன்வில்லில் கற்றிருக்கலாம். மாறாக, இழந்த வருவாயை ஈடுகட்ட ஓக் டெடி நிற்காமல் ஓட வேண்டும் என்ற முடிவுக்கே அது வந்தது. நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை ஓக் டெடி ஈட்டிய ஆண்டுகள் பின்னர் வந்தன. அதன் பிறகு அணையைக் கட்டு, இல்லையேல் மூடு என்று சொல்லும் வலிமை தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் எவருக்கும் இருக்கவில்லை.

ஆற்றில் நடந்தது

ஓக் டெடியால் ஆற்றில் சேர்ந்த கழிவை, கழிவுச் சேறு, கழிவுப் பாறை, அவற்றால் தூண்டப்பட்ட மண்ணரிப்பு ஆகியவற்றைச் சேர்த்து, ஆண்டுக்கு ஏறக்குறைய 9 கோடி டன் என்று மதிப்பிட்டார்கள். கழிவுச் சேறு மட்டும் நாளொன்றுக்கு 80,000 டன் அளவில் இருந்தது. இது ஓராண்டு விபத்தின் அளவன்று. ஆண்டுதோறும் திட்டமிட்டு நடந்த செயல். அணை உடைந்து நேரும் பேரழிவுகளோடு ஓக் டெடியை ஒப்பிடுவது அதனால்தான் பொருந்தாது. இங்கே உடைவதற்கு அணையே இல்லை.

மலைச்சரிவில் நீரின் வேகம் இந்தச் சுமையை உருட்டிச் சென்றது. சமவெளியை அடைந்ததும் மணல் படிந்தது. ஓக் டெடியின் கீழ்ப்பகுதியில் ஆற்றுப்படுகை சில இடங்களில் 10 மீட்டர் வரை உயர்ந்தது. படுகை உயர்ந்தால், அதே மழைக்கும் ஆறு கரையைத் தாண்டும். தாண்டிய நீர் காட்டுக்குள் பரவி, வடிவதற்கு வழியின்றி வாரக்கணக்கில் தேங்கும். வெள்ளச் சமவெளியின் மரங்கள் வெள்ளத்தைத் தாங்கக்கூடியவையே. எனினும் வேரைச் சுற்றி நீர் தொடர்ந்து நின்றால் காற்றின்றி அவை பட்டுப்போகின்றன. அதன் மேல் நுண்ணிய மணலும் சேறும் படிந்து மண்ணை மூடுகிறது. இவ்வாறு பட்டுப்போன, அல்லது பட்டுப்போகும் நிலையில் உள்ள காட்டின் பரப்பு 1,500 சதுர கிலோமீட்டருக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது. காலப்போக்கில் அது 3,000 சதுர கிலோமீட்டரை எட்டக்கூடும் என்றும் முன்கணிப்புகள் கூறின.

இழப்பின் வரிசையை யோங்கோம் கிராமங்களிலிருந்து பார்த்தால் தெளிவாகப் புரியும். முதலில் கரையோரத் தோட்டங்கள் மணலடியில் புதைந்தன. மிக வளமான மண் அதுவே என்பதால், மக்கள் உள்ளே தள்ளிச் சென்று வளம் குறைந்த மேட்டு நிலத்தில் காட்டை வெட்டிப் பயிரிட வேண்டியதாயிற்று. அடுத்து, ஓடைகளின் வாய்கள் அடைபட்டு, நீர் பின்வாங்கித் தேங்கியதில் சாகோ பனைகள் நின்ற சதுப்புகள் கெட்டன. மீன்கள் குறைந்தன, ஆழமான மடுக்கள் மணலால் நிரம்பியதால் அவை தங்குவதற்கு இடமில்லை, நீரில் கரைந்த செம்பு பாசிகளைப் பாதித்ததால் அவற்றின் உணவுச் சங்கிலியும் நலிந்தது. ஆறு அகன்று ஆழமிழந்ததில் தோணிப் பயணமும் கடினமாயிற்று. வேட்டை விலங்குகள் பட்டுப்போன காட்டை விட்டு அகன்றன.

வேறு இடத்துக்குச் சென்று பிழைக்கலாமே என்ற கேள்வி வெளியாருக்கு எழலாம். அங்கே ஒவ்வொரு ஓடையும் ஒவ்வொரு சாகோச் சதுப்பும் ஏதோ ஒரு குலத்துக்கு உரியவை. மற்றொருவர் நிலத்தில் பயிரிட அவருடைய இசைவு வேண்டும், அந்த இசைவும் தலைமுறைக் கடனாகத் தொடரும். அது மட்டுமன்று, 1984இல் இந்தோனேசிய ஆட்சியிலிருந்த மேற்குப் பப்புவாவிலிருந்து ஆயிரக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்து, அவர்களில் பலர் இதே யோங்கோம் கிராமங்களின் நிலத்தில் தங்கினார்கள். சுரங்கம் நிலத்தைக் குறைத்த அதே ஆண்டுகளில் நிலத்தை நம்பியவர்களின் எண்ணிக்கை கூடியது.

இவ்விடத்தில் ஒரு விவாதத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மீனிலும் பயிரிலும் உள்ள உலோக அளவு மனிதர் உண்ணத்தக்க வரம்புக்குள்ளேயே இருக்கிறது என்று சுரங்க நிறுவனம் பல ஆண்டுகளாகக் கூறிவந்தது. அந்தக் கூற்றை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அது மக்களின் முறையீட்டுக்கு விடையாகாது. ஆற்று நீர் நஞ்சா என்பது ஒரு கேள்வி. அந்த ஆற்றை நம்பி வாழ முடியுமா என்பது வேறு கேள்வி. சட்டமும் அறிவியல் கண்காணிப்பும் முதல் கேள்விக்கே கருவிகளை வைத்திருந்தன. ஒரு லிட்டர் நீரில் இத்தனை மில்லிகிராம் செம்பு என்று அளக்க முடிந்தது. புதைந்த தோட்டத்தையும் எட்டாத தொலைவுக்குச் சென்றுவிட்ட வேட்டைக்காட்டையும் அளக்க அட்டவணை ஏதும் இல்லை. சுரங்க மாசு என்றால் வேதியியல் மட்டுமே என்று எண்ணும் பழக்கம் ஓக் டெடி மக்களுக்குப் பெரும் அநீதி இழைத்தது என்று நான் கருதுகிறேன். அவர்கள் இழந்தவற்றில் மிகப் பெரும் பகுதியை அழித்தது மணல்.

வேதியியல் ஆபத்தும் பின்னால் காத்திருந்தது. கழிவு மணலில் கந்தகம் கலந்த கனிமங்கள் உள்ளன. அவை நீரடியில் இருக்கும்வரை தொல்லையில்லை. காற்றுப்படும் இடத்தில் குவிந்தால் அமிலம் உருவாகி உலோகங்களைக் கரைத்து வெளியேற்றும். 1998இல் ஓக் டெடியின் கீழ்ப்பகுதியில் பிகே என்ற இடத்தில் தூர்வாரும் பணி தொடங்கி, அள்ளிய மணல் கரையில் மலைபோல் குவிக்கப்பட்டபோது இந்த ஆபத்து கண்முன் வந்தது. பிற்காலத்தில் கந்தகக் கனிமத்தைத் தனியே பிரித்து, குழாய் வழியாகக் கொண்டுவந்து நீரடியில் சேமிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. தூர்வாரியதால் அந்த இடத்தில் வெள்ளமட்டம் ஓரளவு குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஏற்கெனவே கீழே சென்றுவிட்ட வண்டலைத் திரும்ப அழைக்க எந்தத் தூர்வாரியாலும் இயலாது.

மெல்போர்ன் நீதிமன்றத்தில்

1980களின் இறுதியிலிருந்து கிராமங்கள் மனுக்கள் எழுதின. யோங்கோம் மக்களில் ரெக்ஸ் டாகி, அலெக்ஸ் மவுன் ஆகிய இருவரும் இந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றார்கள். உள்நாட்டில் செவிசாய்ப்பார் இல்லாததால் அவர்கள் முறையீட்டை வெளியே கொண்டுசென்றார்கள். 1992இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பன்னாட்டு நீர்த் தீர்ப்பாயம் அவர்கள் தரப்பை ஏற்றது. அதன் முடிவுக்குச் சட்ட வலிமை இல்லையென்றாலும், ஆற்று மக்களின் வழக்கு உலகின் கவனத்துக்கு வந்தது. 1994இல் ஸ்லேட்டர் அண்ட் கார்டன் என்ற சட்ட நிறுவனம், ஏறக்குறைய 30,000 பேரின் சார்பில், பிஎச்பி தலைமையகம் இருந்த மெல்போர்னில், விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

அந்த வழக்கில் சட்டப்படி மிக முக்கியமான கட்டம் 1995இல் வந்தது. வெளிநாட்டு நிலத்தின் உரிமை அல்லது அந்த நிலத்துக்கு ஏற்பட்ட சேதம் பற்றிய வழக்கை ஆஸ்திரேலிய நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்ற பழைய விதி ஒன்று குறுக்கே நின்றது. நிலச்சேதம் பற்றிய கோரிக்கைகள் அதனால் தள்ளப்பட்டன. ஆனால் ஆற்றையும் காட்டையும் பயன்படுத்தி வாழும் வாய்ப்பை நிறுவனத்தின் கவனக்குறைவால் மக்கள் இழந்தார்கள் என்ற கோரிக்கையை விசாரிக்கலாம் என்று நீதிபதி பைர்ன் தீர்மானித்தார். பணம் ஈட்டாத ஒருவர், பிழைப்புக்காக மீன் பிடிப்பதையும் பயிரிடுவதையும் இழந்தால், அதுவும் சட்டம் மதிக்க வேண்டிய இழப்பே என்பதே அதன் சாரம். சந்தையில் விற்றால்தான் மதிப்பு என்ற கணக்கு, பணப்பொருளாதாரத்துக்கு வெளியே வாழும் மக்களுக்கு எதிராகவே எப்போதும் சாய்கிறது. அந்தச் சாய்வை ஒரு நீதிமன்றம் திருத்த முன்வந்தது பெரிய செய்தி. வழக்கு இறுதித் தீர்ப்புவரை சென்றிருந்தால் அந்தக் கொள்கை எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

அதே ஆண்டில் போர்ட் மோர்ஸ்பியில் நடந்தது கவலைக்குரியது. ஓக் டெடி தொடர்பாக வெளிநாட்டு நீதிமன்றத்தை நாடுவதையே குற்றமாக்கும் சட்டவரைவை அரசு கொண்டுவந்தது. அதை எழுதுவதில் பிஎச்பியின் வழக்கறிஞர்கள் பங்கெடுத்தார்கள் என்பது வெளிப்பட்டபோது, விக்டோரியா உச்ச நீதிமன்ற நீதிபதி கம்மின்ஸ் அந்நிறுவனம் நீதிமன்ற அவமதிப்புச் செய்தது என்று தீர்ப்பளித்தார். பின்னர் மேல்முறையீட்டில், அவமதிப்பு வழக்கைத் தொடுக்கும் உரிமை யாருக்கு என்ற நடைமுறைக் காரணத்தால் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது. தன் குடிமக்கள் தொடுத்த வழக்கைத் தடுக்க ஓர் அரசு சட்டம் இயற்றுவதும், அந்தச் சட்டத்தை எதிர்த்தரப்பு நிறுவனம் எழுத உதவுவதும் ஓக் டெடி வரலாற்றின் மிக இருண்ட பக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

1996 ஜூனில் சமரசம் ஏற்பட்டது. ஆற்றோர மக்களுக்கென 11 கோடி கினாவும் (கினா அந்நாட்டு நாணயம்), மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட கீழ் ஓக் டெடிப் பகுதிக்கென மேலும் 4 கோடி கினாவும் வழங்க நிறுவனம் உடன்பட்டது. பணத்தைவிட மக்கள் பெரிதாக மதித்தது வேறொரு வாக்குறுதியை: கழிவுச் சேற்றை ஆற்றில் விடாமல் தேக்கும் வழிகளை ஆராய்ந்து, நடைமுறைக்கு ஏற்றதை நிறைவேற்றுவது. குழாய் அமைத்துச் சமவெளியில் சேமிப்பது போன்ற திட்டங்கள் ஆராயப்பட்டன. எதுவும் கட்டப்படவில்லை. தூர்வாருதல் மட்டுமே நடந்தது. வாக்குறுதி மீறப்பட்டது என்று கூறி 2000ஆம் ஆண்டில் மக்கள் மீண்டும் மெல்போர்ன் நீதிமன்றத்தை நாடினார்கள்; அந்த வழக்கு 2004இல் அவர்களுக்குப் பயன் ஏதும் கிட்டாமல் முடிந்தது. இடையில் நடந்த ஒரு மாற்றம் அதன் அடிப்படையையே கலைத்திருந்தது.

நிறுவனம் விலகிய விதம்

1999இல் சுரங்கத்தின் சொந்த ஆய்வுகள் வெளியாயின. ஆராயப்பட்ட எந்த வழியும், சுரங்கத்தை உடனே மூடுவது உட்பட, ஆற்றுக்கு ஏற்கெனவே நேர்ந்த கேட்டை மாற்றாது என்றும், பாதிப்பு முன்பு எண்ணியதைவிடப் பெரிது என்றும் அவை கூறின. சுரங்கம் தங்கள் சுற்றுச்சூழல் நெறிகளுக்கு ஒத்துவரவில்லை என்று பிஎச்பியின் தலைமை நிர்வாகி பால் ஆண்டர்சன் வெளிப்படையாகவே சொன்னார். ஆய்வுகளைப் பரிசீலித்த உலக வங்கி, சுரங்கத்தை மூடும் திசையில் செல்லுமாறு 2000இல் அறிவுறுத்தியது.

மூடினால் என்ன ஆகும் என்ற கேள்வியில் ஆற்றங்கரை மக்களே ஒன்றுபட்டு இல்லை. இருபது ஆண்டுகளில் மீனும் தோட்டமும் குறைந்த அளவுக்கு, சுரங்கம் தரும் இழப்பீடும் மருத்துவமனையும் பள்ளியும் சாலையும் இன்றியமையாதவை ஆகியிருந்தன. மாகாணத்தில் அரசு செய்ய வேண்டிய சேவைகளில் பெரும்பகுதியைச் சுரங்கமே செய்துவந்தது. கெடுத்தவரையே நம்பி வாழும் நிலை அவர்கள் தேர்ந்தெடுத்ததன்று; அது நேர்ந்த நிலை. இந்த நிலையில் ‘மக்களே சுரங்கம் வேண்டும் என்கிறார்கள்’ என்று சொல்வதைச் சம்மதமாகக் கொள்வது தவறு.

பிஎச்பி 2002 பிப்ரவரியில் விலகியது. தன் 52 விழுக்காட்டுப் பங்கை, சிங்கப்பூரில் பதிவுபெற்ற பிஎன்ஜி (பப்புவா நியூ கினி) நிலைத்த வளர்ச்சித் திட்டம் என்ற புதிய அமைப்புக்கு விலையின்றி மாற்றிக்கொடுத்தது. அந்த அமைப்பு தன் வருவாயில் மூன்றில் இரண்டு பங்கைச் சுரங்கம் மூடிய பின் பயன்படும் நீண்டகால நிதியில் சேமித்து, எஞ்சியதை வளர்ச்சிப் பணிகளில் செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பதிலுக்கு 2001ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சுரங்கத்தால் நேர்ந்த, நேரப்போகும் சுற்றுச்சூழல் கேட்டுக்கான பொறுப்பிலிருந்து நிறுவனத்தைப் பெரும்பாலும் விடுவித்தது.

அதே சட்டத்தின் கீழ்க் கிராமங்களோடு சமூகச் சுரங்கத் தொடர்ச்சி ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. கையெழுத்திட்ட கிராமம் இழப்பீடு பெறும். சுரங்கம் தொடர இசைவு தரும். வழக்குத் தொடுக்கும் உரிமையைக் கைவிடும். கிராமத்தின் சார்பில் சிலர் இட்ட கையெழுத்து அக்கிராமத்தின் எல்லா உறுப்பினரையும், இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளையும் கட்டுப்படுத்தும் என்று சட்டம் கூறியது. மெல்போர்ன் வழக்கின் காலடியிலிருந்த நிலத்தை அரித்தது இந்த ஏற்பாடே. பழங்குடி மக்களின் உரிமை கூட்டுரிமை என்பதை அவர்களுடைய நிலத்தைக் காக்க ஏற்றுக்கொள்ளத் தயங்கிய சட்டம், அவர்களுடைய முறையீட்டை அணைக்க மட்டும் அதை முழு மனதோடு ஏற்றுக்கொண்டது. படித்தபோது என்னை மிகவும் வருத்திய விதி இது.

ஒப்பந்தங்கள் 2006, 2007 ஆண்டுகளில் மறுபரிசீலனை செய்யப்பட்டபோது நிலைமை சற்று மேம்பட்டது. கிராமங்களுக்குத் தனி ஆலோசகர்கள் அமைந்தார்கள். முதல் சுற்றில் மேசையில் இடமே பெறாத பெண்கள் இந்த முறை பிரதிநிதிகளாக அமர்ந்து, இழப்பீட்டில் 10 விழுக்காடு தங்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று வாதாடிப் பெற்றார்கள். சாகோ மாவு எடுப்பதும் தோட்டம் பேணுவதும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு என்பதை நினைத்தால், அந்தப் பத்து விழுக்காடு காலம் கடந்து வந்த சிறு நீதி. ஓக் டெடி வழக்கில் பிற இடங்களுக்கு முன்மாதிரியாக எதையேனும் எடுத்துச்செல்ல வேண்டுமென்றால், இந்த மறுபரிசீலனையையே நான் சொல்வேன்.

2013க்குப் பின்

2013 செப்டம்பரில் பிரதமர் பீட்டர் ஓநீலின் அரசு, நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம், வளர்ச்சி அமைப்பிடமிருந்த பங்குகளை ரத்துசெய்து சுரங்கத்தை அரசுடைமையாக்கியது. அந்த அமைப்பு சிங்கப்பூரில் சேர்த்துவைத்திருந்த, ஏறக்குறைய 140 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள நிதி யாருடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்ற வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2019இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் வளர்ச்சி அமைப்பின் பக்கம் தீர்ப்பளித்தது. மேற்கு மாகாணத்தின் கிராமங்களுக்காக என்று ஒதுக்கிய பணம், வழக்கு நடந்த ஆண்டுகளில் அந்தக் கிராமங்களுக்கு மிகக் குறைவாகவே சென்றது. 2015இல் கடும் வறட்சியால் ஃப்ளை ஆற்றில் நீர்மட்டம் தாழ்ந்து, சரக்குப் படகுகள் செல்ல இயலாமல் சுரங்கம் சில மாதங்கள் நின்றது. அப்போது சுரங்கத்தை நம்பிய கிராமங்களின் வருவாயும் அதனுடன் நின்றது.

பின்னர் அரசு, சுரங்கத்தின் 33 விழுக்காட்டுப் பங்கை மேற்கு மாகாணத்துக்கும் அதன் சுரங்கக் கிராமங்களுக்கும் ஆற்றோர மக்களுக்கும் அளித்தது. மீதி 67 விழுக்காடு அரசிடம் உள்ளது. பாதிக்கப்பட்டவர்களும் பங்குதாரர்கள் ஆகிவிட்டார்கள். இது நியாயமான உரிமை என்று வரவேற்றவர்கள் உண்டு. வருவாயில் பங்கு கேட்பது அம்மக்களின் நீண்ட காலக் கோரிக்கை என்பதால் அந்த வரவேற்பு இயல்பானது. ஆனால் கழிவைக் குறைக்கச் செலவிடும் ஒவ்வொரு கினாவும் இனி அவர்களுடைய ஈவுத்தொகையிலிருந்தும் கழியும். 1976இல் அரசைப் பிணைத்த அதே முரண் இப்போது கிராமங்களையும் பிணைத்திருக்கிறது. கண்காணிக்கும் பொறுப்பு இனியேனும் பங்குதாரர் அல்லாத ஒருவரிடம் இருக்க வேண்டும். ஆற்றின் அளவீடுகள் கிராமத்தினர் பேசும் மொழிகளில் கிராமத்துக்கே வந்து விளக்கப்பட வேண்டும்.

மூடும் நாள் எப்போது வந்தாலும் ஆற்றின் கணக்கு அன்று முடியாது. மேலே படிந்துள்ள மணல் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சிறிது சிறிதாக நகர்ந்து ஃப்ளை ஆற்றின் நடுப்பகுதிக்குச் செல்லும். ஓக் டெடிக் கரையில் 1990களில் நடந்தது, அதே வரிசையில், தாமதமாக, போஸி மக்களின் ஏரிகளையும் சதுப்புகளையும் சென்றடைய வாய்ப்பு உண்டு என்று ஆற்றியல் கணிப்புகள் எச்சரிக்கின்றன. ஆகவே மூடுவதற்கான நிதி, தூர்வாருதலை நிறுத்தாமல் தொடர்வதற்கும், கரையில் குவிந்த மணலை அமிலமாகாமல் காப்பதற்கும், சுரங்கத்தின் கடைசி டன் தாது அரைக்கப்பட்ட பின்னும் பல பத்தாண்டுகள் போதுமானதாக இருக்க வேண்டும். இழப்பீட்டு ஒப்பந்தங்களோ சுரங்கம் இயங்கும் காலத்தையே அளவாகக் கொண்டு எழுதப்பட்டவை. நடு ஃப்ளை கிராமங்களுடன் அடுத்த ஒப்பந்தம் எழுதப்படும்போது, அதன் காலஅளவை ஆற்றில் வண்டல் நகரும் வேகத்தைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும் என்பதே இந்த ஆய்வு முன்வைக்கும் கோரிக்கை.